மீன் ஜீப்புக்கு எந்த எண்ணெய்

ஜீப்புக்கு என்ன எண்ணெய் ஊற்றுவது என்று எங்கள் வீட்டில் நடந்த அளவுக்குப் பேச்சு, எனக்குக் கல்யாணம் பேசியபோதுகூட நடக்கவில்லை. கல்யாணம் ஒரு மத்தியானத்தில் பேசி முடிந்துவிட்டது. எண்ணெய்ப் பேச்சு ஒரு பனிக்காலம் முழுக்க ஓடியது. மாமியார் ஒன்று சொல்வார், என் வீட்டுக்காரர் வேறொன்று சொல்வார், நான் இரண்டும் வேண்டாம் என்பேன்.

எண்ணெய் விஷயத்தில் நான் வாய் திறந்ததற்குக் காரணம் உண்டு. திருப்பாச்சூரில் செக்கு வைத்திருந்தவர் மகள் நான். பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காரவில்லை. எண்ணும் கொஞ்சம் எழுத்தும்தான் அப்போது தெரியும். ஆனால் ஒரு சொட்டு எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் போதும், அது எள்ளா, கடலையா, புதுசா, பழசா, எதையாவது கலந்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவேன். எங்கள் அப்பா வாங்க வருகிறவர்களிடம், "எம் பொண்ணு மோந்து பாத்து சரின்னா எடுத்துக்கினு போ" என்பார். அந்த மிதப்போடுதான் பழவேற்காட்டுக்கு வாழ வந்தேன்.

வந்த இடத்தில் எண்ணெய்க்கு மதிப்பே இல்லை. கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஏரி, படகு, வலை, மீன். சோற்றிலும் மீன் வாசனை, தலையணையிலும் மீன் வாசனை. என் மாமனார் இருந்தவரை மாட்டு வண்டியில் மீன் கூடைகளை ஏற்றிப் பொன்னேரி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அவர் போன பிறகு மாடுகளை விற்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மெட்ராசில் ஒரு லாரி முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தார். லாரி நெல்லூர் போகும், பெஜவாடா போகும், அங்கே இருந்து இன்னும் எங்கோ போகும். இவர் எப்போது வீட்டுக்கு வருவார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வருகிற அன்றைக்கும் தூங்கத்தான் வருவார். நானும் மாமியாரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து கருவாட்டைக் காக்காயிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருப்போம்.

அப்போதுதான் அந்த ஜீப்பு வந்தது. வெள்ளைக்காரன் சண்டையில் ஓடிய ஜீப்புகளை ஏலம் விட்டதில் ஒன்று, எத்தனையோ கை மாறி, என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது. நாடு நம் கைக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. வண்டிக்கு நீலச் சாயம் பூசியிருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் உள்ளே பட்டாளத்துப் பச்சை தெரியும். அதோடு இழுத்துப்போக இரண்டு சக்கரத்து டிரெய்லர் ஒன்றும் வந்தது. ஊரில் மீன் மண்டி வைத்திருந்த பாய் ஒருவர், எங்கள் மாமனார் காலத்துப் பழக்கத்துக்காக, தன் சரக்கை எங்களிடமே கொடுத்தார். காலையில் கூடைகள் டிரெய்லரில் ஏறும், பொன்னேரியில் மெட்ராஸ் ரயிலுக்குப் போகும். திரும்பும்போது மரத்தூளில் புதைத்த ஐஸ் பாளங்கள் வரும். மத்தியானம் அவர் வீட்டில் இருப்பார். அவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அதற்கப்புறம்தான். அவருக்கு ரசத்தில் புளி குறைவாக இருக்க வேண்டும் என்பதையே அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதனால் அந்த வண்டி மேல் எனக்குப் பிரியம். அது மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாலும் முகம் சுளிக்க மாட்டேன்.

அவர் பிரியம் வேறு மாதிரி. ஐஸை இறக்கியதும் டிரெய்லரோடு ஜீப்பை நேரே ஏரிக்குள் ஓட்டிப்போய் நிறுத்துவார். சக்கரத்தின் அச்சு முழுகும் வரை போவார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். மாட்டைக் குளிப்பாட்டுவது போலவே இருக்கும். விளக்குக்குப் பின்னால் தேய்க்கும்போது காதுக்குப் பின்னால் தேய்க்கிற மாதிரி மெதுவாகத் தேய்ப்பார். மாமியார் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். "ஒழைச்சிட்டு வந்த மாட்ட ஏரித் தண்ணில எறக்கினாத்தான் அலுப்பு போவும், உண்ணியும் வுழும்" என்பார். ஜீப்புக்கு ஏது உண்ணி என்று நான் கேட்டால், "உனுக்கு இன்னா தெரியும், எண்ணெ ஊட்டுப் பொண்ணே" என்பார். எங்கள் மாமியார் என்னைத் திட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும் அந்த ஒரு பேரைத்தான் வைத்திருந்தார்.

மழை விட்டுப் பனி தொடங்கிய சமயம், வண்டியின் பின்னாலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை இருக்கும். இன்ஜினிலிருந்து வருகிற சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரங்கள் அதற்குள் எண்ணெயில் முழுகி இருக்கும். வெறும் வண்டியாக ஓடும்போது சத்தமில்லை. டிரெய்லரில் மீனோ ஐஸோ ஏறி, மணலில் இழுக்க வேண்டி வந்தால், அந்த உருண்டை ஊளையிடும். வெயில் ஏற ஏற ஊளையும் ஏறும். கை வைத்தால் சுடும்.

பாய் நல்ல மனுஷர். ஒரு நாள் கூடை ஏற்றுகிற இடத்துக்கே வந்துவிட்டார்.

"தம்பி, உங்க வண்டி வர்றது எங்களுக்கு மசூதி தெரு வரைக்கும் கேக்குதே. மீனெல்லாம் பயந்துக்கினு ஏரிக்கே திரும்பிப் போயிடப் போவுது."

"எண்ணெ மாத்தினா சரியாப் பூடும் பாய்."

"மாத்துங்க. ஆனா ஒண்ணு. அமாவாசை மீன் நெறைய வரும். அன்னிக்கு வண்டி நடு ரோட்ல படுத்துக்கிச்சுன்னா மீனு என்னாவும்னு உங்களுக்கே தெரியும். மெட்ராஸ் லாரிக்காரரு ஒருத்தரு கேட்டுக்கினே கீறாரு. அமாவாசை வரைக்கும் பாக்கறேன்."

அதே வாரத்தில் பழைய லாரி முதலாளியும் ஆள் அனுப்பியிருந்தார். நெல்லூர் லைனுக்கு டிரைவர் இல்லை, வருகிறாயா என்று. என் வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வந்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த டீயைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துபோனது. ஜீப்பு நின்றுபோனால் இவர் மறுபடியும் லாரிக்குப் போய்விடுவார். மத்தியானச் சாப்பாடு மறுபடியும் நானும் மாமியாரும் கருவாடும்தான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வெட்கம். ஆகவே எண்ணெயைப் பற்றிப் பேசினேன்.

முதலில் அவர் ஊற்றிப் பார்த்தது கெட்டியான கியர் எண்ணெய். டப்பாவில் இருந்த எண் எனக்குப் படிக்கத் தெரிந்தது. வழக்கமாக ஊற்றுவது தொண்ணூறு, இது நூற்று நாற்பது. கெட்டியாக இருந்தால் பல்லுக்குப் பல் மெத்தை போட்ட மாதிரி இருக்கும், சத்தம் அடங்கும் என்று பொன்னேரியில் யாரோ சொன்னார்களாம். பழைய எண்ணெயை ஒரு மண்பானையில் வடித்தார். அதை நான் கொட்டவிடவில்லை. வீட்டுக் கட்டைகளில் தடவினால் செல் அரிக்காது. பானையை மூடிக் கொல்லைச் சுவர் ஓரம் வைத்தேன். புது எண்ணெய் ஊற்றிய பிறகு சத்தம் நின்றது. சில நாள்தான். பிறகு பழையபடி ஊளை.

அப்போது மாமியார் வாய் திறந்தார்.

"எங்க காலத்துல வண்டிச் சக்கரத்துக்கு வௌக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் கலந்து மை வெப்போம் நைனா. ஒரு நாளு கத்தினது கெடையாது. டப்பா எண்ணெய்ய தூக்கிப் போட்டுட்டு வௌக்கெண்ணெ ஊத்து. உம் பொண்டாட்டி ஊட்ல இல்லாத எண்ணெயா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு வந்தது கோபம்.

"எங்கூட்டு வௌக்கெண்ணெய்ய இந்த டப்பா எண்ணெயோட கலக்க உட மாட்டேன். ரெண்டும் ஒட்டாது."

"எண்ணெயும் எண்ணெயும் ஒட்டாதா? நல்லா கீது கதை."

நான் ஒரு கிண்ணத்தில் இரண்டையும் கொஞ்சம் ஊற்றிக் கலக்கி வைத்தேன். அடுப்பு வேலை முடித்து வந்து பார்த்தால், சண்டை போட்ட ஓரகத்திகள் மாதிரி, அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம் நின்றது. மாமியார் கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "சரி, பழச சுத்தமா வடிச்சிட்டு, மண்ணெண்ணெ போட்டு அலசிட்டு, தனியா ஊத்து" என்றார். தோற்றுப்போனாலும் தோற்ற மாதிரி காட்டிக்கொள்ளாத குணம் அவருக்கு. அந்தக் குணம் எனக்கும் உண்டு என்பதால் ரசிக்க முடிந்தது.

நூற்று நாற்பதையும் இன்னொரு பானையில் வடித்தோம். உள்ளே அலசிவிட்டு, எங்கள் அம்மா காய்ச்சி அனுப்பிய விளக்கெண்ணெயை ஊற்றினார். வண்டி போன வழியெல்லாம் குழந்தைக்கு மருந்து கொடுத்த வீடு மாதிரி மணந்தது. ஸ்டேஷன் கூலிகள் அவரைப் பார்த்து, "இன்னா வாத்யாரே, வண்டிக்கு வயித்த சுத்தம் பண்ணிக்கினு கீறியா" என்று கேட்டார்களாம். அவர் வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சத்தமும் கேட்கவில்லை. மாமியார் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டார். வாரம் திரும்புவதற்குள் ஊளை வந்தது. இந்தத் தடவை ஊளையோடு ஒரு கரகரப்பும் சேர்ந்துகொண்டது.

திருவள்ளூரில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். பட்டாளத்தோடு பர்மா வரை போய் ஜீப்பு பழுது பார்த்தவர். அங்கே போகலாம் என்று நான்தான் சொன்னேன். பாயிடம் ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு, டிரெய்லரை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். மாமியாரும் ஏறிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்து வழி நெடுக, "மெதுவா போ நைனா, மாடு மெரளும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எந்த மாடு என்று நாங்கள் கேட்கவில்லை.

பட்டறைக்காரருக்கு என்னைச் சிறுபிள்ளையிலிருந்தே தெரியும். வண்டிக்கு அடியில் படுத்து, உருண்டையின் திருகைக் கழற்றி, வழிந்ததை விரலில் எடுத்தவர், அப்படியே வெளியே வந்தார்.

"இன்னா தங்கச்சி, பல்சக்கரத்துக்குப் பேதி மருந்து குடுத்து வெச்சிக்கீற?"

"நான் இல்லண்ணே. கேளு, பின்னாடி உக்காந்துக்கினு கீறாங்க."

மாமியார் வேறு பக்கம் திரும்பி, பட்டறைச் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார்.

பட்டறைக்காரர் அன்றைக்குச் சொன்னதுதான் எண்ணெய் தேர்ந்தெடுக்கிற சங்கதி. எனக்கு இன்னும் மனப்பாடம். "இந்த வண்டில எண்ணெ ஊத்துற எடம் ஒண்ணு இல்ல. முன்னாடி கியர் பொட்டி. அது முதுகுல ஒட்டிக்கினு, முன் சக்கரத்துக்கும் ஓட்டம் குடுக்கற சின்னப் பொட்டி. அப்பால ரெண்டு அச்சுலயும் ரெண்டு உருண்ட. பொட்டிங்களுக்கு வெறும் தொண்ணூறு போதும். உருண்டைக்குள்ள பல்லும் பல்லும் நேரா கடிக்காது, வழுக்கிக்கினு கடிக்கும். டிரெய்லர மாட்டி இழுக்கறப்ப அந்தக் கடி அதிகம். வெறும் எண்ணெ அங்க தாங்காது, பிதுங்கி ஓடிப்பூடும். அதுக்கு மருந்து கலந்த எண்ணெ தனியா கீது."

"அப்போ எல்லாத்துக்கும் அந்த மருந்து எண்ணெயே ஊத்திடலாமே" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஊத்தலாம். கியர் பொட்டில பித்தள வளையம் கீது. மருந்து அதை அரிச்சிடும். அப்பால கியர் மாத்தறப்ப நீயும் வண்டியும் சேர்ந்து அழுவீங்க."

இரண்டு டப்பாவையும் திறந்து என்னிடம் நீட்டினார். இரண்டும் தேன் நிறம், இரண்டும் ஒரே கெட்டி. விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அது எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. மோந்து பார்த்தேன். ஒன்றில் வெறும் மண்ணெண்ணெய்க் கடை வாசனை. இன்னொன்றில் வெடித்த பட்டாசின் வாசனை, மூக்கில் ஏறும் கந்தகம்.

"இதுதான் உருண்டைக்கு" என்றேன்.

"ஊட்ல இனிமே எண்ணெ ஊத்தறது தங்கச்சி மூக்க கேட்டுக்கினு ஊத்து" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அதற்கப்புறம் பல வருஷம் எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். டப்பாக் காகிதம் ஏரிக் காற்றில் உரிந்துபோய்விடும். அவர் மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார். நான் தலையசைத்தால் ஊற்றுவார்.

பட்டறைக்காரர் உருண்டையைத் திறந்து பார்த்தார். பற்கள் தேய்ந்திருந்தன, ஆனால் உடையவில்லை. அச்சு முனைகளில் எண்ணெய் கசியாமல் இருக்கப் புதுத் தோல் வளையம் போட்டு, மருந்து எண்ணெய் ஊற்றி மூடினார். "இதுக்கு மேல சத்தம் வந்துச்சுன்னா பல்லயே மாத்தணும். அந்தப் பல்லு இப்ப மெட்ராஸ்லயும் கெடைக்கல" என்றார். மிச்ச எண்ணெயை டப்பாவோடு கொடுத்தனுப்பினார். வடித்த விளக்கெண்ணெய் திரிந்து வந்தது, டப்பா எண்ணெயின் மிச்சத்தோடு ஒட்டாமல் திரிந்தது என்று எல்லோரும் நினைத்தோம், அதையும் நான் ஒரு பானையில் வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது வண்டி பேசவே இல்லை. மாமியார் தூங்கிவிட்டார். என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டே ஓட்டினார். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அமாவாசை நெருங்கியது. ஊளை மறுபடியும் கேட்டது. முதலில் எனக்குத்தான் கேட்டது, நான் சொல்லவில்லை. மறுநாள் அவருக்கும் கேட்டது, அவரும் சொல்லவில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்தவர் ரசத்தை மூன்றாம் முறை கேட்காமல் எழுந்துவிட்டார். போய்த் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் வடித்துப் பார்த்தார். வந்தது எண்ணெய் இல்லை. மோர் மாதிரி வெள்ளையாக, நுரையாக ஏதோ வந்தது.

"எண்ணெ கலப்படம். ஏமாத்திட்டான் உங்க ஊருக்காரன்" என்றார்.

"எங்க ஊருக்காரரு ஏமாத்தல. நான் மோந்து பாத்தேன்."

"அப்போ உன் மூக்கு ஏமாத்திச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அவருக்கும் சொன்ன பிறகு சுருக்கென்றிருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டே, குரலை இறக்கி, "அமாவாசை மீன மட்டும் எப்பிடியாவது கொண்டுபோய் சேத்துட்டு, பாயிகிட்ட சொல்லிட்டு, நெல்லூர் லைனுக்கு வரேன்னு ஆள் அனுப்பிடறேன்" என்றார். "பேஜாரு புடிச்ச வண்டி. எந்த எண்ணெ ஊத்தினாலும் துன்னுட்டுத் துப்புது."

அவர் அப்படிச் சொன்னபோது நான் அழவில்லை. கொல்லைக்குப் போனேன். எந்த எண்ணெய் ஊற்றினாலும் என்று சொன்னாரே, அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. எந்த எண்ணெயுமே நிற்கவில்லை என்றால் குற்றம் எண்ணெய் மேல் இல்லை. செக்கு வீட்டில் வாங்குகிறவர் சந்தேகப்பட்டால் எண்ணெயைப் பானையில் ஊற்றி அசைக்காமல் வைப்போம். கலந்தது எதுவானாலும் தன்னால் பிரியும். என் பானைகள் சுவரோரம் அசையாமல் இருந்தன.

முதல் பானையைத் திறந்தேன். மேலே கறுத்த எண்ணெய். ஒரு குச்சியைச் சாய்த்து அடிவரை விட்டு எடுத்தேன். குச்சி நுனியில் தண்ணீர். நூற்று நாற்பது இருந்த பானையிலும் அப்படித்தான். விளக்கெண்ணெய்ப் பானை தயிர் மாதிரி திரிந்திருந்தது, சாய்த்தால் அதிலிருந்தும் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பு கிடையாது. மழைத் தண்ணீரிலும் கிடையாது.

அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் சந்தோஷம் வரவில்லை. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, விளக்குக்குப் பின்னால் மெதுவாகத் தேய்க்கிற காட்சிதான் வந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை, செய்து காட்டினேன். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி முற்றத்தில் வைத்தேன். ஒரு செம்பில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, செம்பு நன்றாகச் சுட்டதும் வெந்நீரைக் கொட்டிவிட்டு, அந்தச் செம்பைத் தாம்பாளத் தண்ணீரில் கவிழ்த்தேன். அவரைக் கூப்பிட்டேன். மாமியாரும் வந்தார். செம்பு ஆற ஆற, தாம்பாளத்துத் தண்ணீர் குறைந்தது. செம்பு அதை உள்ளே குடித்துக்கொண்டது.

"சூடா கீற பாத்திரம் ஆறறப்ப தண்ணிய இழுக்கும். உங்க உருண்டையும் பொன்னேரியில இருந்து இழுத்துக்கினு வந்து சூடா நிக்குது. அப்பிடியே ஏரில எறக்கறீங்க. எங்க சந்து கெடைக்குதோ அங்க ஏரித் தண்ணிய உள்ள இழுத்துக்குது. பானையில கீறது உப்புத் தண்ணி. வேணும்னா நாக்குல வெச்சுப் பாருங்க."

அவர் பானை வரை போனார். நாக்கில் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து தாம்பாளத்தின் முன்னால் குந்தினார். செம்பைத் தூக்கினார், அது குடித்த தண்ணீர் தாம்பாளத்தில் கொட்டியது.

"அப்போ நான் குளிப்பாட்டித்தான் கெட்டுப்போச்சா?"

"ஆசையாத்தானே செஞ்சீங்க" என்றேன்.

மாமியார்தான் அந்த இடத்தை லேசாக்கினார். "மாடு மூக்க மேல தூக்கி வெச்சிக்கும் நைனா. மூச்ச அடக்கிக்கும். இந்த முண்டத்துக்கு அது தெரியலியே. பட்டாளத்துல இன்னாதான் கத்துக் குடுத்தானுங்க இதுக்கு?" என்றார். என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். முற்றத்தில் புகை வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலமே இரண்டு அச்சு உருண்டைகளையும் வடித்தோம். முன்னாலும் மோர்தான் வந்தது. மண்ணெண்ணெய் விட்டு அலசி, சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கையால் சுற்றி, மறுபடியும் வடித்து, காய விட்டோம். டப்பாவை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கந்தகம். தலையசைத்தேன். அவர் என் மூக்கைப் பற்றிச் சொன்னதற்கு அதுதான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அவர் வாயால் கேட்டிருந்தால்கூட அத்தனை நன்றாக இருந்திருக்காது. கியர் பெட்டிகளைத் திறந்து பார்த்தோம், அவை உயரத்தில் இருந்ததால் தண்ணீர் எட்டவில்லை, எண்ணெய் தெளிவாக இருந்தது.

அமாவாசை மீன் பாய் சொன்னது போலவே வந்தது. இறாலும் மடவையும் கெளுத்தியுமாகக் கூடை மேல் கூடை ஏறியது. டிரெய்லரின் வில்பட்டைகள் தாழ்ந்து, தொட்டி சக்கரத்தைத் தொடப் பார்த்தது. என் வீட்டுக்காரர் கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நீயும் வா, காது வேணும்" என்றார். மாமியார் கூப்பிடாமலே ஏறினார். பாய் ஒரு கூடை மேல் கையை வைத்துக்கொண்டு டிரெய்லரிலேயே தொற்றிக்கொண்டார், தன் சரக்கைத் தானே காவல் காக்கிறவர் போல.

மணல் வந்தது. இவர் சின்னப் பெட்டியின் கொம்பைத் தள்ளி முன் சக்கரத்துக்கும் ஓட்டம் கொடுத்தார். வண்டி முனகியது, அது பாரத்துக்கான முனகல். பின்னாலிருந்து ஊளை வருகிறதா என்று நாங்கள் மூவரும் காதைத் தீட்டினோம். சாலை வந்தது. வயல்கள் வந்தன. வெயில் ஏறியது. பாதி வழியில் நிறுத்தி இறங்கி, பின் அச்சு உருண்டையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. "வெச்சுப் பாரு" என்றார். வைத்தேன். காய்ச்சல் விட்ட பிள்ளையின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

பாய் டிரெய்லரிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா ரெண்டு பேரும் அடியில உக்காந்துக்கினு? ரயிலு எனக்காக நிக்காது."

"ஒண்ணும் இல்ல பாய். சத்தம் வருதான்னு கேட்டீங்களா?"

"சத்தமா? உங்கம்மா பாட்டு பாடிக்கினு வராங்க, அதுதான் கேக்குது."

ஸ்டேஷனில் கூடைகள் ரயிலில் ஏறிய பிறகு, பாய் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெட்ராஸ் லாரிக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். அவர் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. ஐஸ் பாளம் எத்தனை எடுக்கலாம் என்கிற பேச்சுக்கு நடுவில் சொன்னார்.

அதற்கப்புறம் வண்டி வந்தால் வேப்ப மர நிழலில் நிற்கும். அவர் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, உருண்டையைத் தொட்டுப் பார்ப்பார். ஆறியிருந்தால்தான் கிணற்றுத் தண்ணீரை வாளியில் மொண்டு கழுவுவார். வாளியை நான் இறைத்துக் கொடுப்பேன். மீன் வாசனை போகவில்லை, அது கடைசி வரை போகவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு காலையில், நாலு இடத்திலும் திருகைத் தளர்த்தி எண்ணெயைச் சோதித்தோம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு என் விரலில் விட்டார். வெயிலில் காட்டித் தேய்த்துப் பார்த்தேன். எல்லாமே தேனாக இருந்தது. "திருகி மூடிடுங்க" என்றேன். மூடினார். கையைத் துடைத்தவர், எழுந்திருக்காமல், வண்டிக்கு அடியிலிருந்தே கேட்டார்.

"லாரி மொதலாளி மறுபடியும் ஆள் அனுப்பிக்கீறாரு. பஸ் ஸ்டாண்டுல நிக்கறான். இன்னா சொல்லட்டும்?"

"இன்னா சொல்லணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ சொன்னா நல்லா இருக்கும்."

"வரமாட்டாருன்னு சொல்லுங்க. நாஷ்டா துன்னுட்டுப் போய் சொல்லுங்க, ஆப்பம் ஆறுது" என்றேன்.